சண்டையைக் கேட்டு மகிழ்ந்த சமரசர்

எங்கள் அப்பா திட்டக்குடியில் பிறந்தவர். வக்கீலாகி விருத்தாசலம் வந்தார். தொடக்கத்தில் கட்சிக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா துணி தைத்துத்தான் குடும்பத்தை ஓட்டினார். பிறகு அப்பா பயிற்சி பெற்று, நீதிமன்ற சமரச மையத்தில் சமரசராக அமர்ந்தார்.

யார் பக்கம் நியாயம் என்று சமரசர் சொல்லக் கூடாது. இரு தரப்பும் தாங்களே ஒரு முடிவுக்கு வர உதவ வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. நானும் தம்பியும் ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டால் தனித்தனியாக அழைத்துப் பொறுமையாக விசாரிப்பார். இரண்டு சாத்துச் சாத்தாமல் இதென்ன விசாரணை என்று அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவின் அண்ணனும் தம்பியும் சேர்ந்து பீங்கான் பட்டறை நடத்தினார்கள். பொம்மை செய்வதா, பியூஸ் கேரியர் செய்வதா என்பதில் முட்டிக்கொண்டு வழக்குக்குப் போனார்கள். சொந்தக்காரர் என்பதால் அப்பா ஒதுங்கிக்கொள்ள, வேறொரு சமரசர் பேசி முடித்தார். சூளை ஆளுக்கு ஒரு வாரம். ஒப்பந்தத்தை இருவரும் அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். ஆனால் முகம் பார்த்துப் பேசவில்லை. பொங்கலுக்குப் பெரிய மாமா காலையிலும் சின்ன மாமா மாலையிலும் வருவார்கள். அம்மா தவித்துப் போவார்.

“ஊரு சண்டையெல்லாம் தீத்து வக்கிறீங்க. இவங்கள பேச வைக்க முடியலயா?” என்று ஒருநாள் அழுதேவிட்டார்.

“சூளைய பிரிச்சுக் குடுக்கலாம். பேசுவோம்னு கையெழுத்து வாங்க முடியாது” என்றார் அப்பா. அன்று அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா படுக்கையில் விழுந்தபோது மாமாக்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஓடி வந்துவிட்டார்கள். புதுச்சேரிக்குக் கொண்டு போகலாம் என்று பெரிய மாமா அம்மாவிடம் சொன்னார். சென்னைதான் சரி என்று சின்ன மாமா சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பெரிய மாமா சட்டென்று திரும்பினார். “ஒனக்கு என்னடா தெரியும்?”

“ஒனக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சிருக்குதாண்ணே?”

பட்டறைக் கதை முழுவதும் வெளியே வந்தது. அம்மா பதறிக் குறுக்கே போனார். அப்பா கையை உயர்த்தினார்.

“தடுக்காத. பேசிக்கிறாங்க பாரு.”

அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. புதுச்சேரி போகும் வழியெல்லாம் வேனில் வாக்குவாதம் ஓயவில்லை. அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். அதன்பின் அவர் எங்களோடு இருந்த சில வாரங்களும் வீடு கலகலவென்றிருந்தது.

சிகிச்சையிலும் இறுதிச் சடங்கிலும் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. முதலாண்டு நினைவுக்கான இம்மலர் தாமதமாக வந்ததைப் பொறுத்தருள வேண்டும். அட்டைக்கு எந்தப் படம் என்று மாமாக்கள் இருவரும் அச்சகத்தில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.