நான் சுரண்டி எடுத்த எல்லை

என் தையல் பெட்டிக்குள் ஒரு சிறிய தகர டின் இருக்கிறது. தொண்டைக் கரகரப்புக்குச் சூப்பும் இனிப்புகள் வந்த டின். அதற்குள் பாதியாக உடைத்த சவர பிளேட் ஒன்று, கை வெட்டாமலிருக்க ஒரு பக்கம் பிளாஸ்டர் சுற்றியபடி, துருப்பிடித்துக் கிடக்கிறது. மெல்பேர்னின் ரோவில் பகுதியிலுள்ள இந்த வீட்டைத் துப்புரவாக்கும் போதெல்லாம் எறிந்துவிடலாம் என்று எடுப்பேன். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். ஒரு நாட்டின் எல்லையை இந்த பிளேட்டால்தான் நான் சுரண்டி எடுத்தேன். பெருமைப்படவோ பயப்படவோ அதில் ஒன்றுமிருக்கவில்லை. சம்பளத்துக்குச் செய்த வேலை.

எழுபதுகளின் தொடக்கத்தில், கணவரின் வேலையை நம்பி மெல்பேர்னுக்கு வந்தோம். கொழும்பில் நான் வரைபடம் வரைந்தவள். இங்கே பள்ளிக்கூட அட்லஸ்கள் அச்சிடும் ஒரு பதிப்பகத்தில் அதே வேலை அகப்பட்டது. தலைமை வரைஞரை எல்லாரும் ‘சீஃப்’ என்றே கூப்பிடுவார்கள். பால்டிக் கடலோரத்து லாத்வியாவில் பிறந்து, போருக்குப் பிறகு அகதியாகக் கப்பலேறி வந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்துப் பட்டி கட்டாமல் ஒருநாளும் வந்ததில்லை. ஓர் ஆற்றின் வளைவைப் பார்த்தே அதை யார் வரைந்தது என்று சொல்லிவிடுவார். என் கணவரின் பெயர் அவர் வாயில் பாதி வழியிலேயே முறிந்து விழுந்ததால், நான் அவருக்கு வெறும் ‘மிஸிஸ்’ ஆகிவிட்டேன்.

கணினி வராத காலம். பால் நிறப் பிளாஸ்டிக் தாளில் கறுப்பு மையால் வரைவோம். கோடு பிழைத்துப்போனால் அரை பிளேட்டைப் படுக்கையாகப் பிடித்து மையைச் சுரண்டி எடுப்போம். சுரண்டிய ஒவ்வொன்றையும் திருத்தக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். எந்தத் தாள், எதை எடுத்தது, என்ன காரணம், எடுத்தவர் யார் என்று எழுதி, கடைசியில் சீஃபின் கையெழுத்து. அது இல்லாமல் ஒரு புள்ளிகூட அச்சகத்துக்குப் போகாது. காரணம் என்ற கட்டத்தில் பத்துக்கு ஒன்பது தடவை ‘பிழை’ என்றுதான் எழுதுவோம். எழுதியெழுதி, அந்தச் சொல்லைக் கை தானாகவே எழுதும்.

ஐரோப்பாத் தாளில் மட்டும் ஓர் ஒழுங்கு இருந்தது. பால்டிக் கரையில் மூன்று சிறிய நாடுகள். சோவியத் யூனியன் விழுங்கி முப்பது வருடத்துக்கு மேலாகியும், அந்த இணைப்பை ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. ஆகவே எங்கள் அட்லஸில் அவற்றுக்கு நாட்டு எல்லைக்குரிய கோடும், ஓரத்தில் இரண்டு வரிக் குறிப்பும் உண்டு. அந்தக் கோட்டை சீஃப் தன் கையாலேயே வரைவார். வேறொருவரையும் தொட விடமாட்டார்.

அவருடைய கதை எனக்குத் தேநீர் வேளைகளில் துண்டுதுண்டாகத்தான் கிடைத்தது. முப்பத்தொன்பதாம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் சர்வாதிகாரியும் சோவியத்தின் சர்வாதிகாரியும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதுவரை பாம்பும் கீரியுமாக இருந்தவர்கள். பத்திரிகையில் சமாதானம் என்று வந்ததாம். இடையில் கிடந்த நாடுகளில் யாருக்கு எது என்று இரகசியமாகப் பங்கு பிரித்த தாள் பத்திரிகையில் வரவில்லை. இரண்டு வருடம்கூட அந்தச் சிநேகம் நிலைக்கவில்லை. அதற்குள் சோவியத் படை வந்து அவருடைய அப்பாவைக் கொண்டுபோய்விட்டது. பிறகு சிநேகம் முறிந்து ஜெர்மன் படை வந்து, அண்ணனைத் தன் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. இருவரும் திரும்பவில்லை. “அப்பாவைக் கொண்டுபோனது ஒருவன், அண்ணனைக் கொண்டுபோனது மற்றவன். ஆனால் தாளில் இரண்டு பேரின் கையெழுத்தும் இருந்தது,” என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை பார்த்தே வளர்ந்தவர். பத்திரிகையைத் தாழ்த்தாமலே சொன்னார்: “பெரிய காணிக்காரர் ரெண்டு பேர் கை குலுக்கினா, நாங்கள் உடனை போய் எங்கடை வேலியைப் பாக்கவேணும்.”

எழுபத்து நாலாம் ஆண்டுக் குளிர்காலத்தில், எங்கள் அரசு அந்த மூன்று நாடுகளும் சோவியத்தின் பகுதிதான் என்று ஏற்றுக்கொண்டது. பத்திரிகையில் மூலைச் செய்தி. இருபத்தைந்து வருடமாக வரி கட்டிய நாட்டிலிருந்தே அப்படியொரு செய்தி வந்த அன்றும் சீஃப் கழுத்துப் பட்டியோடுதான் வந்தார். வழமைபோலப் பேனாக்களைக் கழுவினார். இரண்டு கிழமை கழித்துப் பதிப்பாசிரியரின் துண்டுக் கடிதம் வந்தது. ஐரோப்பாத் தாளில் அந்தக் கோட்டையும் குறிப்பையும் எடுக்கவும், அச்சகம் காத்திருக்கிறது.

கடிதம் அவருடைய மேசையில் காலையிலிருந்து கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் வீட்டைத் தானே இடி என்று ஒரு மனிதனிடம் சொல்லலாமா? மதியம் அவர் சாப்பிடப் போன நேரம், நான் அந்தத் தாளை என் மேசைக்கு எடுத்தேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. கால் மணி நேரம் போதுமாயிருந்தது. சுரண்டிய மைத்தூளைத் தூரிகையால் தட்டிவிட முடியாது, கறுப்புத் தூள் தாளெல்லாம் படியும். வாயால் ஊதித்தான் எடுக்க வேண்டும். ஒரு நாட்டின் எல்லையை அப்படி ஊதித் தள்ளினேன். பிறகு குறிப்பேட்டில் பதிந்து அவருடைய மேசையில் வைத்தேன்.

அவர் வந்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறிப்பேட்டைத் திறந்தார். வழக்கத்துக்கு மாறாக நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தார். “தாங்க்யூ, மிஸிஸ். சுத்தமான வேலை,” என்றார். மாலையில் குறிப்பேட்டை அலுமாரியில் வைக்கப் போனபோதுதான் என் வரியைக் கண்டேன். எடுத்தது: எல்லைக் கோடு, லாத்வியா. காரணம்: பிழை.

மற்ற ஒன்பது தடவைகளைப் போலவே என் கை எழுதியிருந்தது. ஒரு மனிதனின் நாட்டைப் பிழை என்று எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கியிருந்தேன். மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் தென்னமெரிக்கத் தாளொன்றை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அதன் பிறகு அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. மிஸிஸ் என்று அழைப்பதும் நிற்கவில்லை. ஆனால் எங்களோடு சேராமல் தேநீரைத் தன் மேசையிலேயே குடிக்கத் தொடங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது. திட்டியிருந்தால் அழுது ஆறியிருப்பேன்.

எழுபத்தைந்தின் முடிவில் அரசு மாறியது. புதிய அரசு அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. அடுத்த பதிப்புக்கு அதே கையெழுத்தில் இன்னொரு துண்டுக் கடிதம் வந்தது. கோட்டைத் திரும்பப் போடவும். சீஃப் தாளை எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார். தானே வரைவார் என்று நான் நினைத்திருந்தேன். “நீங்கள் எடுத்தீர்கள். நீங்களே போடுங்கள்,” என்றார்.

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. அன்றைக்குப் பிழை என்று எழுதியது என் கைப்பழக்கம், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை, மிஸிஸ். நீங்கள் எழுதியதை நான் வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். அச்சகம் காத்திருந்தது. வேறு காரணமில்லை.” பிறகு சொன்னார்: “முப்பத்தாறு வருடம் அந்த இரண்டு பேரையும் சபித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கையெழுத்து என்னுடையதாக இருக்குமென்று நினைக்கவில்லை.”

பேனாவை எடுத்தேன். சுரண்டிய இடத்தில் மை ஒழுங்காக நிற்காது, பரவும். எவ்வளவு கவனமாக இழுத்தும் கோடு தடித்துவிட்டது. மறுபடி சுரண்டி வரையவா என்று கேட்டேன். வேண்டாம், இனி அதைச் சுரண்டாதீர்கள் என்றார். குறிப்பேட்டில் காரணத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. அவரைப் பார்த்தேன்.

“அரசு மாறியது என்று எழுதுங்கள். அதுதானே உண்மை.”

எழுதினேன். கையெழுத்து வைத்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இருக்குமென்று தேடினேன். களைப்புத்தான் இருந்தது. ஒரு கடிதத்தில் போனது இன்னொரு கடிதத்தில் வந்திருக்கிறது, இன்னொன்றில் திரும்பவும் போகலாம். மறுநாள் தேநீர் குடிக்க எங்கள் மேசைக்கு வந்தார். அவருடைய நாடு மெய்யாகவே திரும்பி எழுந்தபோது அவர் உயிரோடு இல்லை.

எங்கள் தீவிலும் பின்னாளில், நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்தப் படங்களில் எங்கள் தெருச் சனம் எவரும் இல்லை. இப்போதும் தொலைக்காட்சியில் ஏதோ ஓர் எதிரி ஏதோ ஓர் எதிரியோடு கை குலுக்கிக்கொண்டேதான் இருக்கிறான். ஒருவன் பிடித்ததை மற்றவன் கண்டுகொள்ளாமல் விடுவான். இவன் பிடிக்கப்போவதை அவன். கைபேசி வரைபடத்திலோ, எந்த நாட்டில் இருந்து பார்க்கிறோமோ அதற்கேற்ப எல்லை ஓரிடத்தில் முழுக் கோடாகவும் இன்னோரிடத்தில் புள்ளிக் கோடாகவும் தெரிகிறதாம். யார் எடுத்தது, என்ன காரணம், யார் கையெழுத்து என்று பார்க்க ஒரு குறிப்பேடும் இல்லை. கோபப்பட்ட காலம் போய்விட்டது. அலுப்பாக இருக்கிறது.

போன கிழமையும் அப்படியொரு கைகுலுக்கல் செய்தி. கணவர் முன்னால் கதிரையில் இருந்தார். நான் தையல் பெட்டியில் நூல் தேடும்போது டின் கையில் பட்டது. திறந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“உதை இன்னும் எறியேல்லையே?”

இல்லை என்றேன்.

“துரு ஏறிப்போச்சு. இனி வெட்டுமோ?”

மடியில் கிடந்த பத்திரிகையின் ஓரத்தில் மெல்ல வைத்து இழுத்தேன். தாள் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

“ஓம், வெட்டுது,” என்றேன்.