தொரை சாப்பிடும் நேரம்

எங்கள் வீட்டுக்குப் பூனை வந்தது அத்தையோடுதான். அப்பாவின் தங்கையான அத்தை மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தார். எழுபதுகள் முடிகிற அந்தக் காலத்தில், இரண்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தோட்டத்துக்குத் தோட்டம் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கும் அவரைப் பெற்றவர்களுக்கும் இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது. அத்தைக்கு வரவில்லை. முதலில் அவர்கள் போவது, அப்புறம் அத்தையை வரவழைத்துக்கொள்வது என்று பேசி, மாமா கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறிவிட்டார்.

அப்பா போய்த் தங்கையை எங்கள் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். அத்தையின் தலையில் தகரப்பெட்டி இருந்தது. பின்னால் அப்பா, யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற முகத்தோடு, வாய்க்குத் துணி கட்டிய கொழுந்துக்கூடை ஒன்றைத் தூக்கி வந்தார். மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அது கத்தித் தீர்த்ததாம். துணியை அவிழ்த்ததும் சாம்பல் நிறப் பூனையொன்று குதித்து, அடுப்படி விறகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அதற்குத் ‘தொரை’ என்று பெயர் வைத்தவர் மாமாதான். தோட்டத்தை நடத்தும் தொரை மாதிரி வேலை எதுவும் செய்யாமல் லயத்து வீட்டு வரிசையைச் சுற்றி மேற்பார்வை மட்டும் பார்ப்பதால் அந்தப் பெயர் என்று அத்தை சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

தொரை எங்கள் வீட்டில் சாப்பிட மறுத்தது. வைத்த சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்விடும். இதைப் பார்த்து எனக்கும் தம்பிக்கும் மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து பிஸ்கட், ரொட்டித் துண்டு, பருப்பு வழித்த சட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் நினைத்த நேரத்தில் கொண்டுபோய் நீட்டினோம். அதில் கொஞ்சம் தின்று, இஸ்தோப்புத் திண்ணையில் கக்கி வைத்தது. அம்மா கழுவினார். மறுபடியும் கொடுத்தோம். மறுபடியும் கக்கியது. இந்தச் சீரில் அதன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் அடுத்த காம்பரா வீட்டுப் பெரியம்மா வெயிலில் காயவைத்த கருவாட்டைத் தொரை இழுத்துப் போய்விட்டது. சொந்தமில்லை, லயத்துப் பழக்கத்தில்தான் அவரைப் பெரியம்மா என்போம். அவர் வாசலில் நின்று அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

“போட்டா திங்கிறதில்ல, அடுத்த வீட்டுல திருடுது. நாளைக்குச் சாக்குல கட்டி ஃபெக்டரிப் பக்கம் விட்டுட்டு வந்துர்றேன்.”

அத்தை விறகுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவருடைய தட்டில் மதியத்து ரொட்டி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பசிக்கவில்லை என்பது அத்தை வழக்கமாகச் சொல்வது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. என் கவலையெல்லாம் சாக்கைப் பற்றியது.

அம்மா அந்தத் தட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

“அது எங்கயும் போக வேணாங்க. நேரத்துக்குப் போட்டாத் திங்கும். நான் பாத்துக்கிறேன்.”

அன்று சாயந்தரமே அம்மாவின் சட்டம் வந்தது. தொரைக்கு இனி மூன்று வேளைச் சாப்பாடு. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன், மதியம் அம்மா கொழுந்தெடுக்கும் மலையிலிருந்து வரும்போது, சாயந்தரம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பிறகு. ஒரே தட்டு, அடுப்பங்கரையில் ஒரே இடம். கொஞ்சமாக வைக்க வேண்டும். மிச்சம் வைத்தால் எடுத்துவிட வேண்டும். இடையில் யாராவது எதையாவது நீட்டினால் முதுகில் விழும் என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். கடைசியாக அத்தையிடம் திரும்பினார்.

“அது ஒன்னோட வளந்த பூன. ஒத்தயில திங்காது. நீ பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்டாத்தான் அதுவும் வாய் வைக்கும்.”

“எனக்குப் பசிக்கல மதினி.”

“பசிக்காட்டி என்ன, அதுக்காகச் சாப்பிடு. இல்லாட்டி ஒங்க அண்ணன் சாக்க எடுத்துருவாரு.”

அத்தை உட்கார்ந்தார். பூனைத் தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய தட்டு. அவர் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுத் தொரையைப் பார்ப்பார். அது விறகுக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்க்கும். முதல் நாள் இரண்டு தட்டிலும் மிச்சம் இருந்தது. அம்மா இரண்டு தட்டையும் எடுத்துக் கழுவினார். மறுநாளும் அதே நேரம், அதே இடம். அம்மா மலைக்குப் போகும்போது என்னிடம், “மத்தியானம் நான் வரத் தாமதமானா நீ தட்டு வச்சிரு. அத்த ஒக்காந்தாங்களான்னு பாத்துக்க” என்பார். நான் பூனை உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொண்டேன்.

போகப் போகத் தொரை வெளியே வந்தது. நேரம் நெருங்கினால் தானே தட்டுக்குப் பக்கத்தில் வந்து வாலைச் சுற்றி உட்கார்ந்தது. அத்தை வர நேரமானால் அவர் காலில் போய் உரசிக் கத்தியது. “இருடா, வர்றேன். இப்பத்தானே திங்கிறதுக்கு நேரமாச்சு,” என்று அவர் எழுந்து வருவார். கக்குவது நின்றது. பெரியம்மாவின் கருவாடும் நிம்மதியாகக் காய்ந்தது. பெரிய தொரைக்குக்கூட இப்படி நேரத்துக்குச் சாப்பாடு நடக்காது என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் சந்தையிலிருந்து நெத்தலி வாங்கி வந்து அத்தை பக்கத்தில் வைத்தவரும் அவர்தான்.

ஒரு மதியம் வெளியே நல்ல மழை. சோறும் நெத்தலிக் குழம்பும். தொரை தட்டை நக்கி நக்கி, அது நகரும் வரைக்கும் நக்கியது. அப்போது அத்தை தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“மதினி, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க.”

அம்மா அவசரமாக எழுந்ததில் அகப்பை கை தவறிக் கீழே விழுந்தது. பானையில் தனக்கென்று இருந்ததையும் சேர்த்து வழித்துப் போட்டார். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. பூனை தேறிவிட்டதில் அவர்களுக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மழையோடு பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன்.

“பெரியம்மா, எங்க பூன ஒரு பருக்க விடாம சாப்பிட்டுருச்சு.”

“அப்புடியா. ஒங்க அத்த சாப்பிட்டுச்சா?”

“ம். ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டாங்க. ஆனா பூன…”

அவர் நான் சொல்வதைக் கேட்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, மேட்டிலிருக்கிற கோயில் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக் கும்பிட்டார். நான் நனைந்துகொண்டே நின்றேன். நான் கொண்டுவந்த நல்ல செய்தியை விட்டுவிட்டு, வேறு எதற்கோ சாமிக்கு நன்றி சொல்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.