கோமளவல்லி திருத்திய கோடு

கோமளவல்லிக்கு ராகவேந்திராவைக் கண்டாலே ஆகாது. முதலாளியின் அக்கா மகனான அவனுக்கும் அவளைக் கண்டால் எரியும். முதலாளி பரசுராமன் இருவரையும் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், ஒரே மேசைக்கு எதிரெதிரே உட்கார வைத்திருந்தார். அந்தப் புத்திக்கு அவரைத்தான் முதலில் திட்ட வேண்டும்.

அவள் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் சாமிநாதனின் மகள். சென்னையில் நாலு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு 2001இல் ஊர் திரும்பியிருந்தாள். இங்கே வேலை, பொதட்டூர்பேட்டைத் தறிகளுக்கு லுங்கிக் கட்டம் போட்டுத் தருவது. அவள் பிடிவாதமாகப் பயன்படுத்திய கம்ப்யூட்டர் மொழிக்குத் துணி என்பது ஓர் எண் அடுக்கு. இழைக்கு ஒரு எண். ‘திருப்பு’, ‘கரை சேர்’ என்று அவள் எழுதிய ஃபங்ஷன்கள் அந்த அடுக்கை மொத்தமாகப் புரட்டும். அந்த ஃபங்ஷன்களையே எண்களைப் போல, டிசைனுக்கு ஒரு வரிசையாகத் தூக்கிப் போட்டு வைக்கலாம் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு கர்வம்.

"வரிசைக்குள்ள ஃபங்ஷனோட பேரை மட்டும் வைங்க மேடம். ஃபங்ஷனையே வெச்சா, பின்னாடி நீங்க திருத்தினாலும் அங்க பழசுதான் இருக்கும், மாட்டிக்குவீங்க," என்றான் ராகவேந்திரா.

"பேரை வெச்சா, அந்தப் பேர்ல நீங்க எதையாவது மாத்திட்டுப் போவீங்க. என் டிசைன் எல்லாம் நாறிப்பூடும்."

அன்றோடு பேச்சு நின்றது. எது வேண்டுமானாலும் துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையில் தள்ளினார்கள்.

2003இல் ஆடிக் கிருத்திகைக்குப் பெரிய ஆர்டர் வந்தது. இது கெட்டால் அறையையே மூடிவிடுவேன் என்றார் பரசுராமன். முப்பது டிசைன், முப்பது வரிசை போட்டு முடித்த பிறகு ‘திருப்பு’வில் ஒரு பிழை அவள் கண்ணில் பட்டது. பாதித் துணியைத் திருப்பி ஒட்டும்போது நடுக்கோடு இரண்டு முறை விழுந்தது. எதிரே இருப்பவன் பார்த்துச் சிரிப்பதற்குள் மூடி மறைக்கும் அவசரத்தில் திருத்தினாள். புதிதாக ஒரு கட்டம் போட்டுப் பார்த்தாள், சரியாக வந்தது. முப்பது வரிசைக்குள்ளும் பழைய ஃபங்ஷன் அப்படியே இருந்தது அவளுக்கு உறைக்கவில்லை. அச்செடுத்துத் தறிக்கு அனுப்பியது ராகவேந்திரா.

மூன்றாம் வாரம் நெசவுக்காரி கோவிந்தம்மாள் படியேறி வந்து ஒரு கட்டு லுங்கியை மேசைமேல் வீசினாள்.

"நடுவுல கோடு தடியா கீது பாரு. கடைக்காரன் ஒண்ணைக்கூட எடுக்கல."

கோமளவல்லிக்குப் பார்த்ததுமே புரிந்தது. "தப்பு என்னுதுங்க," என்று முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் ராகவேந்திராவின் பக்கம் திரும்பினார். "நீதானடா அச்சு எடுத்த? உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா. அன்னிக்கே பாத்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"அவங்க என்கிட்ட கேக்கலையே."

கோவிந்தம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க மொறைச்சிகினு உக்காந்திருந்தீங்க. நானும் எம் மவளும் சோறு துண்ணாம தறியில நெஞ்சிகினு இருந்தோம்."

பரசுராமன் அறைச் சாவியை எடுத்தார். "ரெண்டு பேரும் எழுந்து வெளிய போங்க."

படியிறங்கும்போது கோமளவல்லிக்கு அவனை நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்தப் பிழை அவன் கையால் நடந்திருந்தால், தானும் அச்சுத் தாளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்போம் என்று அவளுக்குத் தெரியும். சந்தோஷமாகவே இருந்திருப்பாள்.