பிடரியில் விழும் கை

அந்த இறைச்சிக் கூடத்தில் நாற்பது பேர் கத்தி பிடிக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மட்டும் எல்லாரும் 'தம்பி' என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தாறு, முன்தலையில் முடி இல்லை, முழங்கை வரை பழைய தழும்புகள். ஆனாலும் தம்பிதான், ஏனென்றால் கூடத்தின் சூப்பர்வைசர் அவருடைய அண்ணன். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் காதைப் பிடித்து இழுத்துவராத குறையாக அவரைக் கூட்டிவந்து, "இவன் என் தம்பி. கொஞ்சம் ஒரு மாதிரி. ஆனா வேலை செய்வான்" என்று மேஜைமுன் நிறுத்தியது அந்த அண்ணன்தான். சொந்தப் பெயர் அன்றோடு போயிற்று.

தம்பியின் வேலை எலும்பு எடுப்பது. கொக்கியில் தொங்கிவரும் ஆட்டை முன்மேஜைக்காரர்கள் தொடை வேறு தோள் வேறாக அறுத்துத் தள்ளுவார்கள். அவர் தொடையை வாங்கி, விரலால் மூட்டைத் தேடி, கத்தி நுனியை நுழைத்து ஒரு திருப்பு திருப்புவார். எலும்பு வழுவழுவென்று தனியே வந்துவிடும். ரத்தம், நிணம், குளிர், தரையில் எந்நேரமும் ஓடும் தண்ணீர். புதிதாகப் பார்ப்பவர் வாசலோடு திரும்பிவிடுவார். தம்பிக்கோ உலகத்தில் நிம்மதியான இடம் அது ஒன்றுதான். அதற்குக் காரணம் அங்கே இருந்த ஒரு சட்டம்.

கத்தி பிடித்தவரை யாரும் தொடக் கூடாது. அவர் முதுகுக்குப் பின்னால் போக வேண்டுமானால் "பின்னாடி!" என்று சத்தம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். முதலாளியானாலும் சரி, தரை கழுவுகிறவரானாலும் சரி. மீறினால் அன்றைக்கே வீட்டுக்கு. வெளியே தெருவிலும் பஸ்ஸிலும் ஜனங்கள் சொல்லாமல் கொள்ளாமல் தோளில் கை போடுவார்கள், முதுகில் தட்டுவார்கள், இடித்துக்கொண்டு உட்காருவார்கள். ஒவ்வொரு தொடலும் தம்பிக்குச் சூடு வைத்த மாதிரி எரியும். கூடத்தில் எட்டு மணி நேரம் ஒருவரும் அவரைத் தொடமாட்டார்கள்.

அண்ணன்கூட அங்கே அடக்கிக்கொள்வார். வீட்டில்தான் அவருக்குக் கை சும்மா இருக்காது. அப்பா போன பிறகு பதினாலு வயதில் குடும்ப பாரம் அவர் தலையில் விழுந்தது. அதை அவர் அப்படியே தம்பியின் பிடரியில் இறக்கி வைத்தார். முகம் பார்த்துப் பேசாவிட்டால் ஒன்று. கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் ஒன்று, உள்ளதை உள்ளபடி சொன்னாலும் ஒன்று. காலர் உறுத்துகிறது என்று சட்டையைக் கழற்றினால் இரண்டு. ஒருமுறை பெல்ட்டால் அடித்ததில் முதுகுத் தோல் உரிந்தது. ஒருமுறை கதவு நிலையில் மோதி முன்பல் பாதி உடைந்தது. பாசமில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது, அடித்த கையாலேயே மருந்தும் போட்டுவிடுவார். அந்த மருந்தை நினைத்தால்தான் தம்பிக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

போன வருஷம் கூடத்தில் புதுக் குழல் விளக்குகள் மாட்டினார்கள். அவற்றின் இரைச்சல் மற்றவர்களுக்குக் கேட்கவே இல்லை. தம்பிக்கு அது மண்டையைத் துளைத்தது. ஒரு நாள் கழிவறைச் சுவரில் நெற்றி பிளக்க மோதிக்கொண்டிருந்தவரைப் பிடித்து, கம்பெனி நர்ஸ் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டரம்மா மூன்று தடவை உட்காரவைத்துப் பேசினார். மூன்றாவது தடவை, "உங்களுக்கு ஆட்டிசம் இருக்கு. பொறந்ததுலேருந்தே இருக்கு" என்றார்.

"மத்தவங்களுக்கு இப்படி இல்லையா?" என்று கேட்டார் தம்பி.

"எப்படி?"

"தொட்டா எரியுறது. லைட்டு கத்துறது."

"இல்லீங்க."

எல்லாருக்கும் எரியத்தான் செய்கிறது, எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போகிறார்கள், தனக்குத்தான் பொறுமை போதவில்லை என்று நாற்பத்தாறு வருஷம் நம்பியிருந்தார் மனிதர். இப்போதாவது நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. டாக்டரம்மா கொடுத்த தண்ணீரைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் அண்ணன், டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்த சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சின்னப் புள்ளைங்களுக்கு வர்றதுடா. இந்த வயசுல உனக்கு என்ன கேடு?" என்று சொல்லிப் பிடரியில் ஒன்று போட்டார். பேப்பர் அலமாரிக்குள் போயிற்று.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. காலையிலிருந்தே வேலை பின்தங்கியிருந்தது. சுற்றிப் பார்க்க வந்த மேனேஜர் தம்பியின் மேஜையருகே நின்று, "ஏன் இவ்வளவு லேட்?" என்று பொதுவாகக் கேட்டார். நாலு பேர் மென்று விழுங்கினார்கள். தம்பி மட்டும், "சூப்பர்வைசர் முக்கால் மணி நேரம் லேட்டா வந்தாரு, அவர் வந்துதான் கொக்கி மெஷினப் போடணும்" என்றார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பக்கத்தில் நின்ற அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

மேனேஜர் கதவைத் தாண்டியதும் அண்ணன் பின்னாலிருந்து வந்தார். சத்தம் கொடுக்கவில்லை. கை முழு வீச்சில் பிடரியில் விழுந்தது. தம்பியின் நெற்றி எதிரே தொங்கிய கொக்கியில் மோதிக் கிழிந்தது. அவர் திரும்பினார், கத்தியும் திரும்பியது. அண்ணனின் மணிக்கட்டுக்கு மேலே இறங்கி முழங்கை வரை ஓடியது. இருபத்து நாலு வருஷம் பழகிய கை, தசையை எலும்பிலிருந்து சுத்தமாகப் பிரித்துவிட்டது. அண்ணன் போட்ட அலறலில் நாற்பது கத்திகளும் நின்றன. ரத்தம் மேஜையிலும் கூரையிலும் அடித்தது, ஆட்டு ரத்தத்தோடு சேர்ந்து ஒரே வாய்க்காலில் ஓடியது. ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு தையல் போட்டார்கள். இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார்கள்.

விசாரணை வெள்ளிக்கிழமை. அன்று காலை அண்ணன் கட்டுப்போட்ட கையோடு அலமாரியைத் திறந்தார்.

"இப்பத்தான்டா இந்தப் பேப்பருக்கு வேலை வந்திருக்கு" என்றார். "நல்லாக் கேட்டுக்கோ. நான் 'பின்னாடி'ன்னு சொன்னேன், தள்ளி நிக்கச் சொல்லி லேசாத் தொட்டேன், இவனுக்குத்தான் காதுல விழலைன்னு நான் சொல்லிடறேன். யாருன்னே தெரியாம திரும்பிட்டேன், என் வியாதி அப்படின்னு நீ சொல்லு. உனக்குக் கத்தி தங்கும், எனக்கு வேலை தங்கும். குட்டையைக் குழப்பிடாத."

தம்பிக்குக் கத்தி வேண்டும். அது இல்லையென்றால் பொட்டலம் கட்டும் அறை, அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருபது பேர். இல்லையென்றால் தெரு. அதனால் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துப் பாடம் செய்துகொண்டே நடந்தார்.

மேனேஜர் அறையில் அண்ணன் தன் பங்கைப் பிசகில்லாமல் ஒப்பித்தார். மேனேஜர் சான்றிதழைப் படித்து முடித்து நிமிர்ந்தார்.

"சரி, ஒரே ஒரு கேள்வி. கத்தியோட திரும்பினீங்களே, அப்ப அது உங்க அண்ணன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பாடம் செய்த வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

"தெரியும்" என்றார் தம்பி.

"டேய்!"

"அவர் சத்தம் குடுக்கல. லேசாத் தொடவும் இல்ல, அடிச்சாரு. பாக்காமலே எனக்குத் தெரியும், நாப்பது வருஷமா விழுற கை. போன மாசம் தரை கழுவுறவர் வழுக்கி என் மேல விழுந்தாரு. உடம்பெல்லாம் எரிஞ்சுது. கத்தியக் கீழ போட்டுட்டேன். இது அண்ணன்னு தெரிஞ்சுது. அதனால போடல."

மேனேஜர் சான்றிதழைத் தொட்டுக் காட்டினார். "யோசிச்சுப் பேசுங்க. இதுல எழுதியிருக்கிறதாலதானே இப்படி ஆச்சு?"

"அதுல இருக்கிறதெல்லாம் எனக்கு இருக்கு சார். வெட்டினது அது இல்ல. நான்."

சொல்லும்போதே தெரிந்தது, கத்தி போயிற்று என்று. போயிற்றுதான். மத்தியானத்துக்குள் இருவர் கையிலும் காகிதம் வந்தது. இருவருக்கும் வேலை இல்லை, இருவர் மேலும் போலீசுக்குப் போகவில்லை, அவ்வளவுதான் கம்பெனியின் தயவு. தம்பி தன் கத்தியைக் கழுவித் துடைத்து, புதிதாக வருகிறவருக்குப் பயன்படட்டும் என்று சாணை பிடித்துக் கொடுத்தார். அப்புறம் துணி மாற்றும் அறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அண்ணனுக்கு நேர்ந்ததற்காகத்தான் அழுகிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர் அழுதது வேலைக்காக.

வீட்டுக்கு ஒரே வழி. அண்ணன் நாலு எட்டு தள்ளியே நடந்தார். தம்பி சட்டைப் பைக்குள் கையை விட்டபோதெல்லாம் அவர் கண் அந்தப் பையின் மேல் போய்வந்தது. பாதி தூரத்தில் அவரால் அடக்க முடியவில்லை.

"ஏன்டா, உன்னை நான் எப்படியெல்லாம் வளர்த்தேன்! எரியுதுன்னு ஒரு தடவையாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்ணே. ஆறு வயசுல. எதுத்தா பேசுறன்னு அதுக்கும் ஒண்ணு போட்டீங்க."

அண்ணனுக்கு அது ஞாபகம் இல்லை.