பஸ்ஸில் அம்மா விளக்கிய கலாநிதிப் படிப்பு

இன்று காலை நானும் அம்மாவும் யாழ்ப்பாணம் போன பஸ்ஸில், கரம்பொனில் ஏறிய தெரிந்த பெண் ஒருவர் அம்மாவிடம் கேட்டார்: “மகள் இன்னும் படிச்சு முடிக்கேல்லையோ?”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பாடமெல்லாம் முடிச்சு, பெரிய சோதினையும் பாஸ் பண்ணிட்டாள். ஆராய்ச்சியை டைப் அடிச்சும் குடுத்திட்டாள். இனிப் பேராசிரியர்மாருக்கு முன்னால இருந்து மறுமொழி சொல்ல வேணும். அதோட கலாநிதிப் பட்டம்.”

“என்ன ஆராய்ச்சி?”

“வேலை செய்யிற இடத்தில ஆக்கள் ஏன் ஒற்றுமையா இருக்கினம், ஏன் சண்டை பிடிக்கினம் எண்டு.”

“அக்கா, முதல் எங்கட டிப்போவுக்கு வாங்கோ,” என்றார் கண்டக்டர் என்னைப் பார்த்து. பஸ்ஸே சிரித்தது.

முன்பு நான் குசினியில் இதையெல்லாம் சொன்னபோது அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கேட்கவேயில்லை என்று நினைத்திருந்தேன். இன்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வாய்மொழித் தேர்வு அடுத்த கிழமை. எனக்குப் பதிலாக அம்மாவை அனுப்பினால் என்ன?