வலது கை

அன்று காலை என் மனைவியின் வலது கையில் கிடந்த காப்பு கழன்று வரவில்லை. சவர்க்காரம் போட்டுப் பார்த்தோம், எண்ணெய் பூசிப் பார்த்தோம். கடைசியில் கிளிநொச்சி நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து ஒரு வருடம் கழிந்திருந்தது. நோய் போய்விட்டதென்று நாங்கள் ஆறியிருந்த வேளையில் கை வீங்கத் தொடங்கியது.

வட்டக்கச்சியில் வயல் செய்கிறவன் நான். சுளுக்கென்றால் அமத்தித் தேய்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். ஒரு கிழமை அப்படியே தேய்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கை இன்னும் கனத்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மிஸ் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இரத்தம் மயிரிழை போன்ற குழாய்களால் போகும்போது அதிலிருந்து நீர் சதைக்குள் கசியுமாம். மிஞ்சும் நீரை நிணநீர்க் குழாய்கள் ஏந்திக்கொண்டுபோய்க் கழுத்தடியில் மறுபடி இரத்தத்தோடு சேர்க்குமாம். கக்கத்து நிணநீர்க் கணுக்களைச் சத்திரசிகிச்சையில் எடுத்துவிட்டதால், இவளுடைய கை நீருக்குப் போக வழி போதவில்லை.

"அமத்தாதேங்கோ ஐயா. அந்தக் குழாயள் தோலுக்குக் கீழதான் இருக்கு. தோல் மெல்ல அசைஞ்சாலே போதும்."

அன்றிலிருந்து பின்னேரங்களில் அவள் கதிரையில் சாய்ந்திருப்பாள்; மிஸ் காட்டித் தந்தபடி நான் தோலை மெல்ல வருடிவிடுவேன். முதலில் கழுத்து, பிறகு நெஞ்சின் குறுக்கே இடது கக்கம்வரை, அதன் பின்தான் கை. இடையிடையே "நோகுதோ?" என்பேன். "இல்லையப்பா" என்பாள். முப்பது வருடக் குடும்ப வாழ்வில் அவள் கையை நான் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து ஓடிய நாட்களிலும் என் கைகளில் பிள்ளையும் மூட்டையும்தான் இருந்தன. முழங்கையில் ஒரு தழும்பைக் கண்டு கேட்டேன். பதினான்கு வயதில் சைக்கிள் பழகி விழுந்ததாம். சொல்லும்போது சிரித்தாள்.

போன வருடம் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போனாள். அங்கே கையை உறைபோல மூடி, காற்றால் மெல்ல அழுத்தும் மெசின் ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

நேற்றுப் பின்னேரம் வீடியோவில் கையைத் தூக்கிக் காட்டினாள். வீக்கம் நன்றாக வற்றியிருந்தது. நான் வருடி ஒருநாளும் வற்றாத அளவுக்கு.

"மகள் இன்னும் ஆறு மாதம் நிக்கச் சொல்லுறாள்" என்றாள்.

நான் போனை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"நீங்கள் வரச் சொன்னா வாறன்."

"கை சுகமாயிருக்கெல்லே" என்றேன். "நில்லும்."

"ஓம்" என்றாள். ஆனால் இருவருமே போனை வைக்கவில்லை.