பழவேற்காட்டில் மீனுக்கு முகம் காட்டினோம்

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் கமலா கடலுக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். தண்ணீருக்கடியில் சிரித்தால் என்ன ஆகும்? மாஸ்க்குக்குள் தண்ணீர் புகும். புகுந்தது. அப்படியும் சிரித்தாள்!

ஐம்பது வயசுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொண்டவள். கையோடு மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் சேர்ந்த ஸ்நார்க்கல் செட்டும் வாங்கிவிட்டாள். "அந்தமான் போலாமா அண்ணி?" என்றாள். எனக்கோ ஒரே நாள்தான் லீவு. பொன்னேரி வரை ரயில், அப்புறம் பஸ்... பழவேற்காடு!

அங்கே கோட்டைக்குப்பத்தில் படகுக்காரர் தேசப்பன் முழித்தார். "மீனு துன்ன வருவாங்க. பாக்க மட்டுமா? இன்னாம்மா இது?"

அதற்குள் அவர் மனைவி எல்லம்மா படகில் ஏறிவிட்டார். "நானும் பாக்கணும்!"

முதலில் ஏரி. கமலா தலையை விட்டாள், எடுத்தாள். "அண்ணி... கலக்கின ரசம்!"

அடுத்து, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம். "இழுக்கும், வேணாம்" என்றார் தேசப்பன். இவள் கேட்டால்தானே? கயிற்றைப் பிடித்து இறங்கியதுமே தண்ணீர் இழுத்தது. வீல் என்று கத்தினாள். எல்லம்மா அவள் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்து அவளைப் படகுக்குள் தூக்கிப் போட்டார்.

கமலா மூலையில் சுருண்டு உட்கார்ந்தாள். "போதும் அண்ணி. இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

எல்லம்மா புருஷனிடம் திரும்பினார். "யோவ், உன் வலை மாட்டிக் கிழியுமே, அந்தப் பாருக்கு வுடு!"

பாரு என்றால் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டு. எங்கே மீன் பார்க்கலாம் என்று யூடியூபிலா தேடுகிறீர்கள்? வலை எங்கே கிழிந்தது என்று கேளுங்கள்!

அங்கே கடல் தெளிந்து கிடந்தது. கமலா அசையவில்லை. எல்லம்மா அவளுடைய மாஸ்க்கையும் ஜாக்கெட்டையும் வாங்கி மாட்டி, புடவையை இழுத்துச் செருகி, குதித்தே விட்டார்!

"அய்யோ நைனா! கோடு போட்ட மீனு... கும்பலா போவுதுய்யா! என்னப் பாத்தும் ஓடலியே!"

கமலா எழுந்தாள். "அக்கா, குடுங்க... அது என்னோடது!"

மாஸ்க்கை மாட்டி இறங்கி அப்போது சிரித்ததுதான் நான் முதலில் சொன்ன அந்தச் சிரிப்பு. பிறகு நான். கடைசியாக தேசப்பன். தலையை விட்டவர் எடுக்கவே இல்லை. கூப்பிட்டால், 'இருங்க' என்று ஒரு கை மட்டும் மேலே வந்தது.

மத்தியானம் அவர்கள் வீட்டில் சுடச்சுட மீன் குழம்பு. கமலா தட்டையே பார்த்தாள். "அக்கா, இது அங்க பாத்த மீனா?"

"அதுங்க சொந்தக்காரங்களா இருக்கும். நீ துன்னு!"

இரண்டாம் முறையும் சோறு வாங்கினாள், பாசக்காரி.